தாளத்தில் உட்காராத சொல்

இசை விமர்சகர் சான்யால் பத்திரிகையில் எழுதியிருந்த விமர்சனத்தை என் தங்கை ஸ்ராவணி நான்கு முறை படித்தாள். நான் ஒரே முறை படித்துவிட்டு, அந்தத் தாளில் மீன் செதிலைச் சுருட்டிப் போடப் போனேன். விடாமல் பிடுங்கிக்கொண்டாள்.

‘குரலில் குறையில்லை. கிட்டாரிலும் குறையில்லை. ஆனால் பாட்டு எழுதுவது வேறு வேலை. கவிதை இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த துணி காய்கிறது. எழுதத் தெரிந்தவர்களிடம் அதை விட்டுவிடலாம்.’

நனைந்த துணி என்று அவர் இளக்காரம் செய்தது ஸ்ராவணியின் துணிக்கொடிப் பாட்டை. பக்கத்து வீட்டு ரேபா மாசி, செத்துப்போன கணவரின் சட்டையை வாரா வாரம் துவைத்துக் காயப்போடுவதைப் பார்த்து எழுதியது. அதைக் கேட்டுக் கண் கலங்காத ஆள் எங்கள் ஷ்யாம்பஜார் சந்தில் கிடையாது. இந்த மனுஷனுக்கு மட்டும் நெஞ்சில் என்ன இருந்ததோ!

“ஞாயித்துக்கிழமை கச்சேரியோட சரி, திதி. இனிமே எழுத மாட்டேன். அடுத்தவங்க பாட்டப் பாடிக்கறேன்.” அக்காவை எங்கள் ஊரில் திதி என்போம்.

“அந்தாளு சொன்னா வேதமாடி?”

“இருபது வருஷமாக் கேக்கறாரு. தெரியாமலா சொல்வாரு?”

எட்டு வயதிலிருந்து எழுதுகிறவள். மார்க்கெட்டில் மீன்காரர் போல்ட்டுதான் எனக்கு ஆறுதல் சொன்னார். “விடுங்க திதி. சான்யால் பாபு எங்கிட்டதான் மீன் வாங்கறாரு. இந்த வாரம் முள்ளாப் பாத்துப் போடறேன்.”

டிசம்பர் ஞாயிறு, காலை பத்து மணி. அரங்கம் நிறைந்திருந்தது. மூன்றாம் வரிசையில் குரங்குக் குல்லாயோடு சான்யால். பின்னால் உட்கார்ந்து அவர் பிடரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ராவணி நன்றாகத்தான் பாடினாள். ஆனால் ஒவ்வொரு பாட்டையும் ரயிலேற்றி அனுப்புகிறவள் மாதிரிப் பாடினாள்.

இடைவேளையில் டீ கொண்டுபோனேன். கிட்டார் பெட்டியிலிருந்து அந்த விமர்சனத்தை எடுத்து வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள்.

“என்னடி பண்ற?”

“இதுக்கு மெட்டு வருதான்னு பாக்கறேன்.”

மேடையேறியதும், “இப்ப ஒரு புதுப் பாட்டு. வரிகள் என்னோடது இல்ல” என்றாள். கீர்த்தனை மாதிரி நிதானமாக ஆரம்பித்தாள். ‘குரலில் குறையில்லை, கிட்டாரிலும் குறையில்லை...’ ஜனங்கள் பக்தியோடு தலையாட்டினார்கள். இரண்டாம் வரியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பத்திரிகை படிக்காதவர்களா எங்கள் ஊர்க்காரர்கள்! துணி காய்கிற வரிக்கு வந்தபோது அரங்கமே கூடப் பாடியது.

சான்யால் எழுந்து நின்றார்.

“ஒரு நிமிஷம்! ‘ஈரத்துணி’ன்னு பாடறீங்க. நான் எழுதினது ‘நனைந்த துணி’!”

ஸ்ராவணி கிட்டாரை நிறுத்தினாள்.

“தெரியும் சான்யால் பாபு. தாளத்துல உக்காரல. அதான் மாத்தினேன்.”

கூரை இடிந்து விழாதது அதிசயம். சிரிப்பு அடங்கும்வரை அவரும் நின்றார், பிறகு குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தச் சூட்டோடு அவள் கொடிப் பாட்டைத் தொடங்கினாள். வழியனுப்புகிற குரல் போய்விட்டது. எழுதியவள் நான்தான் என்று ஒவ்வொரு சொல்லிலும் அடித்துச் சொல்கிற குரல். முடிந்ததும் “இன்னொண்ணு! இன்னொண்ணு!” என்று ஒரே கூச்சல். ஐந்து பாட்டு கூடுதலாகப் பாடினாள். நான் வெட்கமே இல்லாமல் அழுதேன்.

புதன்கிழமை சான்யாலின் விமர்சனம் வந்தது. ஸ்ராவணியே உரக்கப் படித்தாள்.

‘அன்று பாடிய பதினெட்டில் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் வரிகள் மகா மட்டம். அதை எழுதியவர் இனிப் பாட்டு வரிகள் பற்றிப் பேசும்முன் யோசிப்பது நல்லது. மற்ற பதினேழையும் எழுதியவர் நிறுத்தவே கூடாது.’

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“திதி, மத்தியானம் வரைக்கும் என்னக் கூப்பிடாத” என்று பாட்டு நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.