நெவில் கொடுத்த பந்து

மெரினூக் திடலில் சனிக்கிழமை, பந்தைக் கையால் பிடித்தும் காலால் உதைத்தும் ஆடும் ஃபுட்பால் ஆட்டம் என்றால், ஸ்கோர் பலகைக்கு இடப்புறம் வேலியோரமாக மூன்று பேர் நிற்பார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் க்ளெனிஸ், டயர் கடை நெவில், ஆற்றங்கரையில் திராட்சை போட்டிருக்கும் ரோக்கோ. இருபது வருஷமாக அதே இடம்தான். அவர்களுக்குப் பின்னால் காரை நிறுத்தி உள்ளேயிருந்து ஆட்டம் பார்ப்பவர்கள், முதல் பத்து நிமிஷத்திலேயே கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். அத்தனை பேச்சு.

அந்த வருஷம் பேசுவதற்கு நிறைய இருந்தது. பெட்ரோல் காசும் பழம் கட்டும் கொட்டகையில் வேலையும் தருவதாகச் சொல்லி, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேரைக் கிளப் கூட்டி வந்திருந்தது. அண்ணன்காரன் ஆறரை அடி. நெவிலுக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. தந்திக் கம்பத்தை நட்டிருந்தால் அதற்குச் சம்பளமாவது மிச்சமாகியிருக்கும், பந்து வந்தால் பயல் கண்ணை மூடிக்கொள்கிறான் என்பான். ரோக்கோ எப்போதும் கோச் பக்கம். எதிரி முன்னேறும்போது அணியின் பதினெட்டுப் பேரையும் பின்னால் இறக்கிவிடும் கோச்சின் திட்டம் பெரிய ஊர் அணிகளே செய்வதுதான் என்பது அவன் கட்சி. க்ளெனிஸ் இரண்டு பேரையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். நெட்டையன் பிடிக்காவிட்டால் போகிறது, அவன் காலடியில் சிந்தும் பந்தைப் பொறுக்க வேகமான குள்ளன் ஒருவனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாள். அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

ஜூலை மாதத்தில் கிளப் தலைவர் வேலியோரம் வந்து நின்றார். கடந்த ஐம்பது வருஷத்தின் தலைசிறந்த பதினெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, செப்டம்பரில் விருந்து வைத்துப் பதக்கம் கொடுக்கப்போகிறார்களாம். எப்படியும் இதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கையில் பென்சிலோடு பேசுங்கள் என்று சொல்லி ஒரு நோட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று புதன்கிழமைகள் ரோக்கோவின் ஷெட்டில் உட்கார்ந்தார்கள். அவன் மனைவி செய்த சலாமி இறைச்சியும் பீரும் உண்டு. தாடை எலும்பு உடைந்த பிறகும் பாதி ஆட்டம் ஆடிய கசாப்புக் கடைக்காரன், ஒரு கண் மங்கலாகத் தெரிந்தும் வலது ஓரத்தில் எவனையும் தாண்ட விடாத தபால்காரன் என்று ஒவ்வொரு பெயராக நோட்டில் ஏறியது. ஒரு பெயருக்காக ரோக்கோ கோபித்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தான். இப்படியாகப் பதினேழு பேர் தேறினார்கள்.

"பதினெட்டாவது லிண்ட்ஸே மார். இதுல பேச ஒண்ணுமில்ல" என்றாள் க்ளெனிஸ்.

"அவன் பேரு வேணாம்" என்றான் நெவில்.

லிண்ட்ஸே இருநூற்றுப் பதினோரு ஆட்டம் ஆடியவன். நாலு முறை ஆண்டின் சிறந்த வீரன். ஆனால் ஊர் அவனை வைத்திருந்தது ஒரே ஒரு உதைக்காக. தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து இறுதி ஆட்டம். மெரினூக் மூன்று புள்ளி பின்னால் இருந்தது, கடைசி நொடிகள். நெவில் அப்போது நடுவில் ஆடிக்கொண்டிருந்தான். பந்தோடு ஓடி வந்தவன், இடது ஓரத்தில் நின்ற லிண்ட்ஸேக்கு உதைத்தான். லிண்ட்ஸே அதைத் தரையில் படாமல் மார்போடு பிடித்தான், அடுத்த நொடி ஆட்டம் முடிந்ததென்று சைரன் ஒலித்தது. அப்படிப் பிடித்தவனுக்கு, சைரன் ஒலித்த பிறகும், யாரும் தொடாமல் நின்று உதைக்கும் உரிமை உண்டு. உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் ஆறு புள்ளி. பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அதற்கு ஒரே ஒரு புள்ளிதான். இரண்டு புள்ளியில் கோப்பை போனது. மெரினூக் அதற்குப் பிறகு கோப்பையை ஜெயிக்கவே இல்லை.

க்ளெனிஸுக்கு அன்று இருபத்தோரு வயது. கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்தவள். நெவில் தட்டில் வைத்துக் கொடுத்தான், லிண்ட்ஸே கொட்டிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னதையே அவளும் சொல்லி வந்திருக்கிறாள். இருந்தாலும் இருநூற்றுப் பதினோரு ஆட்டம் இருக்கிறதே.

"ஒரு உதைக்காக ஒரு மனுசனையே அழிச்சிடுவியா நெவ்" என்று கேட்டாள்.

"அவனைப் போட்டா என்னை விட்டுடுங்க. பட்டியல்ல என் கையெழுத்து இருக்காது." அவன் பீர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

எப்படி இருந்தாலும் லிண்ட்ஸே விருந்துக்கு வரப்போவதில்லை என்றான் ரோக்கோ. அந்த ஆட்டத்துக்கு மறு வருஷம் ஊரைவிட்டுப் போனவன் திடலில் கால் வைத்ததே இல்லை. அவமானத்தில் ஒளிந்து கிடக்கிறான், அவனைக் கிளறாமல் விடுவதுதான் நல்லது என்பது ரோக்கோவின் எண்ணம். க்ளெனிஸுக்கு அது சரியாகப் படவில்லை. ஒளிந்திருப்பவனிடம் போய்க் கேட்டுவிட்டால் போகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் இருப்பதாகக் கேள்விப்பட்ட ஊருக்கு நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டிப் போனாள். ஆகஸ்ட் மாதம். சாலையின் இரண்டு பக்கமும் பாதாம் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. லிண்ட்ஸே தேனீ வளர்க்கிறான் என்று பெட்ரோல் பங்கில் சொன்னார்கள். வரிசை வரிசையாகத் தேனீப் பெட்டிகள் வைத்திருந்த ஒரு தோட்டத்தின் ஓரத்தில், லாரியின் படியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முடி நரைத்திருந்தது. தோள் மட்டும் அப்படியே இருந்தது.

அவள் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பார்த்தான். "கம்பத்துக்குப் பின்னாடி நிப்பியே. உன் குரல் எனக்கு நல்லாத் தெரியும்" என்றான்.

க்ளெனிஸுக்கு முகம் சூடானது. தானும் அவனை நிறையத் திட்டியிருப்பதாக ஒத்துக்கொண்டாள். அதெல்லாம் கேட்டது என்று சொல்லிவிட்டு, தெர்மாஸிலிருந்து அவளுக்கும் டீ ஊற்றிக் கொடுத்தான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவமானத்தால்தான் ஊருக்கு வரவில்லையா என்றும் நேராகவே கேட்டுவிட்டாள். லிண்ட்ஸே சிரித்தான். முதல் இரண்டு வருஷம் தூக்கம் வராதது உண்மைதான். படுத்தால் கம்பத்தில் பந்து படுகிற சத்தம் கேட்குமாம். அப்புறம் கல்யாணம், மாமனாரின் தேனீக்கள், இரண்டு பெண் பிள்ளைகள். "உங்களுக்கெல்லாம் ஆகஸ்ட், செப்டம்பர்னா ஃபைனல்ஸ். எனக்குப் பாதாம் பூக்குற நேரம். ஆயிரத்து இருநூறு பெட்டி இருக்கு. இதை விட்டுட்டு எங்க வர்றது?" என்றான். முப்பது வருஷமாக ஊர் அவன்மேல் இரக்கப்பட்டும் கோபப்பட்டும் வந்திருக்கிறது. அவன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். க்ளெனிஸுக்குச் சிரிப்பும் வந்தது, ஏதோ ஏமாந்தது போலவும் இருந்தது.

தேர்வுக் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். நெவிலின் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த சாண்ட்விச்சைத் தாளில் மடித்து வைத்தான்.

"வேணாம்னு சொல்லியிருப்பானே."

அவள் தலையாட்டினாள்.

"அவனுக்கு என் மேல கோவம் இல்ல" என்றான் லிண்ட்ஸே. "நீ கம்பத்துக்குப் பின்னாடிதானே நின்ன. நெவ் எங்க இருந்தான், யோசிச்சுப் பாரு."

க்ளெனிஸ் கண்ணை மூடி யோசித்தாள். ஆயிரம் தடவை சொல்லிய கதைதான். நெவில் பந்தோடு ஓடி வந்தது கம்பத்துக்கு நேர் எதிரே. இருபது மீட்டர் கூட இருக்காது. அவனைச் சுற்றி ஒரு எதிரி ஆளும் இல்லை. அங்கிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அடித்துவிடும். லிண்ட்ஸே நின்றதோ ஓரத்தில், கோணலான இடத்தில். முப்பத்தொரு வருஷமாக அதைப் பெருந்தன்மையான பாஸ் என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. ஊர் என்ன, அவளே சொன்னாள்.

"அவன் மூஞ்சியைப் பாத்தேன். பயந்துட்டான். யாருக்காச்சும் குடுத்துடணும்னு தேடுனான், நான் இருந்தேன். பாவம், இருபத்தெட்டு வயசுப் பையன்தானே" என்றான் லிண்ட்ஸே. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவளும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பதக்கம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தனக்கு ஒன்றுமில்லை. "அவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. பந்து சுத்தமா வந்துச்சு, தப்பு அதுல இல்ல, உதைச்சவன் காலுலதான்னு நான் சொன்னதா."

திரும்பி வரும் வழி முழுக்க அவளுக்கு ரேடியோ போடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேருந்தின் பின் சக்கரத்தில் காற்று குறைவாக இருப்பதாகச் சொல்லி டயர் கடைக்குப் போனாள். காற்று சரியாகத்தான் இருந்தது. நெவில் அதை அளந்து பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டான். அவள் லிண்ட்ஸேயைப் பார்த்ததைச் சொன்னாள், தேனீக்களைச் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனர்களை அடுக்கத் தொடங்கினான்.

"உனக்கு ஒண்ணு சொல்லி அனுப்புனான். பந்து சுத்தமா வந்துச்சாம். தப்பு அதுல இல்லையாம், அவன் காலுலதானாம்."

நெவிலின் கை நின்றது. பிறகு அங்கே அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தான்.

"நான் அடிச்சிருக்கணும் க்ளென்" என்றான். "எனக்கு நேரா இருந்துச்சு. கால் வரல. தப்பிப் போச்சுன்னா ஊர்ல எப்படி நடமாடுறதுன்னு நினைச்சேன். அவன் தலையில போட்டுட்டேன். அன்னிக்கு டிரெஸ்ஸிங் ரூம்ல எல்லாரும் என் முதுகைத் தட்டிக் குடுத்தாங்க. என்னா பாஸ்டான்னு. அவன் மூலையில உக்காந்திருந்தான். நான் எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லல. அன்னிக்குச் சொல்லல, அப்புறம் எப்படிச் சொல்றது."

க்ளெனிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். தானும் அந்த முதுகைத் தட்டியவர்களில் ஒருத்திதான் என்று மட்டும் சொன்னாள். ஒரு வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்றார். நெவில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தவன், போகிற போக்கில், நோட்டில் அந்தப் பேரை எழுதிக்கோ என்றான்.

அன்று சாயங்காலமே லிண்ட்ஸேக்குப் போன் செய்தானாம். மறுநாள் அவனே சொன்னான். நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டாயா என்றாள் க்ளெனிஸ். இரண்டு வார்த்தை கேட்டதாகவும், அதற்குள் லிண்ட்ஸே அந்த ஆறரை அடிக்காரன் எப்படி ஆடுகிறான் என்று கேட்டுவிட்டதாகவும், மிச்ச நேரமெல்லாம் அதிலேயே போய்விட்டதாகவும் சொன்னான்.

மெரினூக் அந்த வருஷமும் இறுதி ஆட்டத்துக்குப் போகவில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் முப்பது புள்ளியில் தோற்றது. விருந்துக்கு லிண்ட்ஸே வரவில்லை. பாதாம் முடிந்து பெட்டிகளைக் கனோலா எண்ணெய்வித்து வயல்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். அவன் பெயரைப் படித்தபோது மண்டபத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள், மீதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனுக்குப் பதிலாகப் பதக்கத்தை வாங்க மேடைக்குப் போனது நெவில். ஊருக்கு அது ஆச்சரியம். அவன் மைக்கைப் பிடித்தான். தொண்ணூற்று மூன்றில் கம்பத்துக்கு நேர் எதிரே நின்றது தான்தான், உதைத்திருக்க வேண்டியதும் தான்தான் என்று சொன்னான். வேறொன்றும் சேர்க்காமல் இறங்கிவிட்டான். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பின் மேசையிலிருந்த ரோக்கோதான் முதலில் கை தட்டினான்.

அடுத்த ஞாயிறு பதக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நெவில் கிளம்பினான். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது, கூட வா என்று க்ளெனிஸைக் கூப்பிட்டான். வழியில் அவன் இரண்டு முறை வண்டியை நிறுத்தினான், ஒருமுறை டீக்கு, ஒருமுறை காரணமே இல்லாமல். வயலோரத்தில் லிண்ட்ஸே முகவலையைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். ரொம்ப நேரம் விடவில்லை. கண் கலங்கியதோ என்னவோ, க்ளெனிஸ் அதைப் பார்க்காமல் கனோலாவின் மஞ்சளைப் பார்த்தாள்.

பதக்கத்தை வாங்கிய லிண்ட்ஸே அதை லாரியின் முன்பக்கத்தில் போட்டான். பதினெட்டுப் பேரையும் பின்னால் இறக்கிவிட்டால் முன்னால் யார் நிற்பது என்று கேட்டான். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றான் நெவில். குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் திடலையும், ஆளுக்கொரு வட்டமும் வரைந்தான். லிண்ட்ஸே குனிந்து ஒரு வட்டத்தை அழித்து வேறு இடத்தில் போட்டான். அது தப்பு என்றான் நெவில். தேனீக்கள் அவர்களைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன.

க்ளெனிஸ் லாரியின் படியில் உட்கார்ந்து தெர்மாஸைத் திறந்தாள். குள்ளன் ஒருவனை எடுக்காமல் எதையும் பேசிப் பிரயோஜனமில்லை என்று அங்கிருந்தே சொன்னாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க நிறுத்துவ அவனை?" என்று கேட்டான் லிண்ட்ஸே.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் காட்ட எழுந்து போனாள்.