தலைவரை முந்தக்கூடாது

விருத்தாசலத்தில் ஒருவர் காலையில் ஓடினால் அவர் பஸ்ஸைத் தவறவிட்டார் என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. பீங்கான் கடை ஜியாவுதீன் ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்து, அரைக்கால் சட்டையும் பச்சை ஷூவுமாகக் கடலூர் ரோட்டில் ஓட ஆரம்பித்தபோது, முதல் மாதம் முழுக்க ஒரு கிலோமீட்டரைக்கூட நிம்மதியாக முடிக்க விடவில்லை ஊர். பைக்கில் போகிறவர்கள் எல்லோரும் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார்கள். "ஏறுங்க பாய், சேத்தியாத்தோப்பு பஸ்ஸுதானே? புடிச்சிடலாம்!" வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடியது. ஒரு பால்காரர் கேட்கவே இல்லை, கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். ஜியாவுதீன் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அங்கிருந்து மறுபடி ஓடி வந்தார்.

ஓடும்போது பேச முடியாது. அந்தக் குறையை எல்லாம் அவர் கடையில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்வார். ஊறுகாய் ஜாடி வாங்க வந்தவர் மூடி பொருந்துகிறதா என்று பார்த்து முடிப்பதற்குள், கிரிக்கெட் ஏன் விளையாட்டே இல்லை என்பதை விளக்கிவிடுவார். "பதினோரு பேர்ல ரெண்டு பேரு வேல செய்றாங்க. மிச்ச பேரு வெயில்ல நின்னு கை தட்றாங்க. இது வெளையாட்டாங்க? கல்யாண வூடுங்க!" கபடியை மட்டும் மதித்தார், அதில் மூச்சுக்கு வேலை இருப்பதால்.

உள்ளூர் அரசியலுக்கும் அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. ஜெயித்தவர் பதவி ஏற்பதற்கு முன்னால் தன் வார்டு முழுக்க ஒரு தடவை ஓடிக் காட்ட வேண்டும். காரில் போகிறவருக்குப் பள்ளம் தெரியாது, ஓடுகிறவனுக்குக் கணுக்காலில் தெரியும். கடைசியாக, ஜாடியைப் பேப்பரில் சுற்றிக் கொடுக்கும்போது, தன் முக்கியமான கொள்கையைச் சொல்வார். "ரேஸுல மட்டுந்தாங்க சிபாரிசு கிடையாது. ஒங்காலு, ஒம்மூச்சு. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும், பின்னாடி வந்தா பின்னாடிதான்." வாங்கியவர் தலையாட்டிவிட்டுத் தப்பித்துப் போவார்.

இவ்வளவு பேசுகிற மனிதர் சொந்த ஊரில் ஒரு பந்தயம்கூட ஓடியதில்லை. இங்கே பந்தயமே கிடையாது. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் போய் ஓடி மெடல் வாங்கி வந்தார், அதைப் பார்த்தவர்கள் சீட்டுக் கம்பெனியில் கொடுத்ததா என்று கேட்டார்கள். சொந்த ஊர் ஜனங்கள் பார்க்க, சொந்த ஊர் ரோட்டில், நியாயமாக ஒரு பந்தயம் ஓட வேண்டும். அந்த ஆசை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

கவுன்சிலர் விருத்தகிரியின் பிறந்தநாளுக்குப் போதை ஒழிப்பு மாரத்தான் என்று போஸ்டர் ஒட்டப்பட்டது அப்போதுதான். பாலக்கரையில் புறப்பட்டு, பீங்கான் தொழிற்பேட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் ஐந்து கிலோமீட்டர். இதை மாரத்தான் என்று சொல்லக்கூடாது என்று ஜியாவுதீன் மூன்று பேரிடம் சண்டை போட்டார், நாலாவது ஆளிடம் பெயர் கொடுத்தார்.

அவர் மனைவி சாதிகாவுக்கு வேறு கவலை. கடையின் வரவுசெலவு, சரக்கு, சப்ளையர் எல்லாம் அவள் கையில். பேச்சு மட்டும்தான் அவர் கையில்.

"என்னங்க, நல்லா கேட்டுக்கங்க. நகராட்சிக் கடைக் குத்தக அடுத்த மாசத்தோட முடியுது. மறுபடி நமக்கே வரணும்னா விருத்தகிரி தலைவர் ஒரு வார்த்த சொல்லணும். அவரு முன்னாடி எதுனா கருத்து சொல்லிப்புட்டு வந்து நிக்காதீங்க."

"ஓடற எடத்துல நான் யார்கிட்ட பேசப்போறேன், சாதிகா?"

"ஒங்கள நம்ப முடியாது. நானும் வரேன்" என்றாள் அவள்.

பந்தய நாளில் பாலக்கரை கல்யாண வீடு மாதிரி இருந்தது. மேளம், மேடை, வாழைமரம், வெடி. எல்லோருக்கும் ஒரு டீ ஷர்ட் கொடுத்தார்கள். அதில் முன்பக்கம் முழுக்க விருத்தகிரி சிரித்தார், போதை வேண்டாம் என்ற வாசகம் அக்குளுக்குக் கீழே ஒதுங்கியிருந்தது. போலீஸ் வேலைக்குத் தயாராகிற பையன்கள், காலேஜ் பெண்கள் என்று ஏகப்பட்ட கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஜியாவுதீனின் கண் ஒரே ஒருவரைத்தான் தேடியது. வேப்பூர் தேவநாதன் வந்திருந்தார். மல்லாட்டைக் கடலை போடுகிற மானாவாரி விவசாயி. புதுச்சேரியில் வருஷாவருஷம் ஜியாவுதீனை ஒரு கை நீளத்தில் தோற்கடிப்பவர்.

"என்னா பாய், இன்னைக்காவது பாப்பமா?" என்றார் தேவநாதன்.

"எங்க ஊரு ரோடுங்க இது. எந்தப் பள்ளம் எங்க இருக்குதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார் ஜியாவுதீன். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

விருத்தகிரி கொடியை அசைத்துத் துவக்கி வைப்பார் என்றுதான் ஏற்பாடு. நல்ல கனத்த சரீரம், நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறவர். ஆனால் தலைக்கு மேல் ஒரு டிரோன் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, கொடியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, "நானும் நாலு எட்டு ஓடறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவருடைய வலது கை பிரவீன்குமார். பைக்கில், கையில் மைக்கோடு, உடனே முன்னால் வந்தான். "இதோ தலைவர் ஓடறாரு! பிறந்தநாள்லயும் மக்களுக்காக ஓடறாரு! எல்லாரும் பின்னாடி லைன்ல வாங்க, யாரும் தலைவர முந்தக்கூடாது!"

யாரும் முந்தவில்லை. நாலு எட்டுதானே, ஓரமாக நின்றுவிடுவார் என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். முதல் வளைவில் நிற்கப் பார்த்தார்தான். அங்கே மகளிர் குழு ஆரத்தித் தட்டோடு நின்றது. வளைவைத் தாண்டியதும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். அதைத் தாண்டினால் வெடி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கூட்டம் "தலைவர் வராரு" என்று கத்தியது, மேலே டிரோன் விடாமல் சுற்றியது. தலைவர் நிற்கவில்லை.

வேகமாக ஓடுவது கஷ்டம் என்று நினைக்கிறவர்கள் மெதுவாக ஓடிப் பார்த்ததில்லை. ஜியாவுதீனுக்குத் தொடையெல்லாம் கடுத்தது. நாய் ஒன்று அவர்களைச் சாவகாசமாகத் தாண்டிப் போனது. பால் கேனோடு சைக்கிளில் வந்த ஆராயி அம்மாள், "என்னாப்பா ஊர்வலமா? யாரு செத்தது?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஜியாவுதீனுக்கு மானம் போனது. இதற்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று நெஞ்சு கொதித்தது. காலை எட்டிப் போட நினைக்கும்போதெல்லாம் கடையின் ஷட்டர் கண்ணில் வந்து நின்றது. காலை அடக்கிக்கொண்டார்.

தொழிற்பேட்டை கேட்டில் திரும்பினார்கள். அங்கேயும் ஒரு மாலை. தேவநாதன் பக்கத்தில் வந்தார். மூச்சுகூட வாங்கவில்லை அவருக்கு.

"ஏன் பாய், ரேஸுல சிபாரிசு கிடையாதுன்னு சொல்வீங்களே. அது கடையில ஒக்காந்து பேசறதுக்கு மட்டுந்தானா?"

அவ்வளவுதான். கடை, குத்தகை, சாதிகா எல்லாம் ஒரு பக்கம் சரிந்துவிட்டன. "பிஸ்மில்லா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு, ரோட்டின் இடது ஓரத்தில் தனக்கு மட்டும் தெரிந்த பள்ளத்தைத் தாண்டி, ஜியாவுதீன் தலைவரை முந்தினார். முந்தும்போது ஒரு நொடி திரும்பிப் பார்த்தார். விருத்தகிரியின் கண்ணில் தண்ணீர். கையை மேலே தூக்கி ஏதோ சொல்ல வந்தார், வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கடை போயிற்று. போனால் போகட்டும் என்று காலை வீசினார்.

என்ன சுகம்! ரோடு காலியாகக் கிடந்தது. காற்று முகத்தில் அடித்தது. ஷூ தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பின்னால் திமுதிமுவென்று காலடிச் சத்தம் கேட்டது. வரட்டும், எல்லோரும் வரட்டும், இதுதான் பந்தயம்! யார் முந்துகிறார்கள் பார்ப்போம் என்று காத்திருந்தார். ஒருவரும் முந்தவில்லை.

திரும்பிப் பார்த்தார். அத்தனை கூட்டமும் அவருக்குப் பின்னால் ஒழுங்காக லைனில் வந்துகொண்டிருந்தது. முணுமுணுப்பு காதில் விழுந்தது. "தலைவரயே முந்துறாருன்னா சும்மா முந்துவாரா? மேலேருந்து சொல்லியிருக்காங்கடா." "அடுத்த தடவ சீட்டு பாய்க்குத்தான் போலருக்குது." அதற்குள் பிரவீன்குமாரின் பைக் பறந்து வந்து ஜியாவுதீனுக்கு முன்னால் நின்றது.

"இதோ அண்ணன் ஜியாவுதீன் ஓடறாரு! எல்லாரும் பின்னாடி லைன்ல வாங்க, யாரும் அண்ணன முந்தக்கூடாது!"

"டேய், முந்துங்கடா!" என்று ஜியாவுதீன் கத்தினார்.

"அண்ணன் பெருந்தன்மையப் பாரு!" என்றது மைக்.

வேகத்தைக் குறைத்தார். குறைத்தார்கள். நின்றார். நின்றார்கள். போலீஸ் வேலைக்குப் படிக்கிற பையன் ஒருவன் சல்யூட் வைத்தான். யாரோ தலைவருக்கு வைத்திருந்த மாலையை இவர் கழுத்தில் போட்டார்கள். டிரோனும் வந்துவிட்டது.

"தேவநாதன், நீங்களாவது முந்துங்க. ஒங்களுக்குப் புண்ணியமா போவும்!"

தேவநாதன் சங்கடமாகச் சிரித்தார். "நான் வெளியூருக்காரன் பாய். நீங்க என்னவா ஆவப்போறீங்களோ, எனக்கெதுக்கு வம்பு? நீங்க போங்க."

ஜியாவுதீனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஊரே பார்க்க முதல் ஆளாக வருகிறார், எதிரே ஒரு ஆள் இல்லை. மாலை கழுத்தில் உரச, ஊர்வலத்தை இழுத்துக்கொண்டு பாலக்கரையை நோக்கி நடக்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் வந்தார்.

கடைசி வளைவில் எலுமிச்சை ஜூஸ் பாட்டிலோடு நின்றிருந்த சாதிகா, மாலையும் மைக்குமாக வருகிற தன் கணவரைப் பார்த்தாள். அவருக்கு முன்னால் தலைவர் இல்லை. பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் தலைவர் இல்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"யா அல்லாஹ்! முந்திட்டீங்களா?"

"சாதிகா, அது வந்து..."

"நீங்க வாயத் தொறக்காதீங்க! நீங்க மேடைக்குப் போயி எதுனா பேசறதுக்கு முன்னாடி நான் போயி கட்சிக்காரங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்!"

சொல்லிவிட்டு, புர்காவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு படபடக்க அவள் மேடையைப் பார்த்து ஓடினாள். "அக்கா, அண்ணன முந்தக்கூடாது!" என்று பிரவீன்குமார் மைக்கில் பதறினான். "போடா அந்தாண்ட!" என்றாள் சாதிகா.

ஜியாவுதீனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முன்னால் ஒரு ஆள்! துரத்துவதற்கு ஒரு முதுகு! மாலையைக் கழற்றி வீசிவிட்டுப் பாய்ந்தார். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அக்காவே முந்திவிட்டார்கள், இனி யார் தலைவர் என்று யாருக்கும் புரியவில்லை. பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி அத்தனை பேரும் அவிழ்ந்து ஓடி வந்தார்கள். பையன்கள் விர்ரென்று தாண்டினார்கள். காலேஜ் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு தாண்டினார்கள். தேவநாதன் தோளுக்குத் தோள் வந்தார், ஜியாவுதீன் விடவில்லை, இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு வாழைமரத்துக்குக் கீழே பாய்ந்தார்கள். வழக்கம்போல ஒரு கை நீளத்தில் தேவநாதன்தான். ரிப்பனை அறுத்தது சாதிகா. அது ரிப்பன் என்றே அவள் கவனிக்கவில்லை, கையால் ஒதுக்கிவிட்டு மேடைக்குப் போய்விட்டாள்.

ஜியாவுதீன் எத்தனையாவதாக வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் தரையில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சொந்த ஊரில் ஓடிவிட்டார், நியாயமாகத் தோற்றுவிட்டார். இதைவிட என்ன வேண்டும்?

அப்போது ஆட்டோ வந்து நின்றது. உள்ளே பின் சீட்டில் விருத்தகிரி காலை நீட்டிக் கிடந்தார். கூட்டம் விலகி நின்றது. சாதிகா ஓடி வந்து, "தலைவரே, அவரு ஏதோ ஒரு வேகத்துல..." என்று ஆரம்பித்தாள். விருத்தகிரி கையால் தடுத்து, ஜியாவுதீனைக் கூப்பிட்டார். ஜியாவுதீன் ஆட்டோவுக்குள் தலையை நீட்டினார்.

"ஏன் பாய், இவ்ளோ நேரமா?" என்றார் விருத்தகிரி. குரல் அழுகிற குரல். "மொத வளைவுலேருந்து எவனாவது முந்துவான், நின்னுக்கலாம்னு பாக்கறேன். ஒருத்தனும் வரல. செத்தேன்னு நெனச்சேன். அய்யோ, கெண்டக்காலு இழுக்குது பாய், உயிரு போவுது!"

ஜியாவுதீனுக்கு அந்த வலி தெரியும். ஆட்டோவின் படியில் மண்டியிட்டு, தலைவரின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, விரல்களை முழங்காலைப் பார்க்க வளைத்து இழுத்தார்.

வெளியே நின்றவர்களுக்கு அவர் முதுகும், குனிந்த தலையும், தலைவரின் கால்களும்தான் தெரிந்தன. மைக் அலறியது. "அண்ணன் ஜியாவுதீன் தலைவர் கால்ல வுழுந்துட்டாரு! தலைவர் மன்னிச்சிட்டாரு!" கைத்தட்டல் வானைப் பிளந்தது. மேளம் அடித்தார்கள். சாதிகா நெஞ்சில் கை வைத்து, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். எந்த மனிதன் காலிலும் வாழ்நாளில் விழுந்திராத ஜியாவுதீன் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார்.

"எழுந்திரிக்காதீங்க பாய்" என்று விருத்தகிரி அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "கடையெல்லாம் ஒங்களுதுதான். அந்தக் கட்ட வெரல மட்டும் இன்னும் கொஞ்சம் இழுங்க."