ராட்சதன் அவளை எங்கே தூக்கிப்போகிறான்?

மனிதகுலத்துக்கு ஒரு மகத்தான அறிவிப்பு. வேற்றுக்கிரக ராட்சதர்கள் மயங்கிய பெண்களைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கடைசி வரியில் இருக்கிறது. (இப்போதே அங்கே தாவ வேண்டாம். அதை நான் இன்னும் எழுதவில்லை.)

1

இந்தக் கதை பிறந்தது ஒரு சுவரொட்டியில். 1956இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராட்சதர்கள் வரும் மலிவான சினிமாப் படங்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் சுவரொட்டிதான் முதலில் வரும். அதைப் பார்த்துத் தியேட்டர்காரர்கள் தலையாட்டினால்தான் கதை என்று ஒன்று தேவைப்படும். இந்தச் சுவரொட்டியில், நெப்டியூன் கிரகத்து நண்டுத்தலையன் எரியும் நகரத்தின் நடுவே ஒரு பெண்ணைத் தூக்கிப்போனான். எங்களிடம் நகரம் இல்லை. ஒரு பழைய கல்குவாரி இருந்தது.

2

நண்டு உடைக்குள் இருந்தவர் ஆர்லோ. விதியின் சுமையைத் தாங்கிய அந்த மனிதரின் கண்களில்—

(அந்த வரியை அடித்துவிட்டேன். தாங்கியது விதியை அல்ல, முதுகுவலியை. கௌபாய் படங்களில் குதிரையிலிருந்து விழுந்து விழுந்து சம்பாதித்தது. தூக்க முடியாது என்று தெரிந்தால், தயாரிப்பாளர் ஃபார்க்கஸ் அன்றைக்கே உடைக்குள் வேறு ஆளைப் போட்டுவிடுவார். வலி இருப்பது எனக்குத் தெரியும். கதாநாயகி வில்மாவுக்கும் ஒத்திகையில் தெரிந்துவிட்டது.)

காலையில் வில்மா கேட்டாள். "என்னை எங்க கொண்டுபோறான், மிஸ்டர் ஃபார்க்கஸ்?"

"இடது பக்கம், கண்ணு."

"அங்க என்ன இருக்கு?"

"கேமராவுக்குத் தெரியாது. அது போதாதா?"

அவள் என்னிடம் திரும்பினாள். "எழுதினது நீங்கதானே? தின்னவா, கட்டிக்கவா?"

"இன்னும் முடிவு பண்ணல."

ரப்பருக்குள்ளிருந்து ஆர்லோவின் குரல் வந்தது. "காரணம் எதுவா வேணா இருக்கட்டும்யா. எவ்வளவு தூரம்னு மட்டும் சொல்லு."

3

விண்கலத்துக்கு என்று எழுதினேன். தூரம். குகைக்கு என்று எழுதினேன். மேடு. 'அவளைத் தூக்கியபடி அங்கேயே நின்று சிந்திக்கிறான்' என்று எழுதினேன்.

"சுவரொட்டியில நடக்கிறான்யா," என்றார் ஃபார்க்கஸ்.

4

ஆர்லோ தூக்கினார். நடந்தார். பாதியில் கொடுக்குகள் நடுங்கத் தொடங்கின. பாறைக்குப் பின்னால் காட்சிக்குப் புகை போட்டுக்கொண்டிருந்த எனக்கு (அதுவும் எழுத்தாளர் வேலைதான்) வில்மாவின் குரல் கேட்டது. மயங்கிக் கிடக்க வேண்டியவள்.

"இன்னும் கொஞ்சந்தான், நண்டாரே. கீழ போட்டீங்க, கடிச்சிடுவேன்."

"சிரிக்க வைக்காத தாயி. முதுகு பிடிச்சுக்கும்."

இந்த இடத்தில் முடிவை உங்களிடமே விட்டுவிடலாம் என்றிருந்தேன். சோகம் வேண்டுமா, அவர் விழட்டும், வேறொருவன் நண்டாகட்டும். காதல் வேண்டுமா, அவள் கண் திறந்து, அவனுடைய ரப்பர்க் கன்னத்தை— வேண்டாம். கனம் வேண்டுமா, பின்னாளில் ஒரு பேராசிரியர் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள்: 'ராட்சதன் சுமந்து செல்வது அணுயுகத்தின் அச்சத்தை.'*

* சுமந்தது வில்மாவை. காலையில் நன்றாகச் சாப்பிட்டிருந்தாள்.

ஆனால் அறிவிப்புக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன்.

"சரி, அடுத்த ஷாட்," என்றார் ஃபார்க்கஸ், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேமராவில் விழாமல், இடது ஓரத்துக்கு வெளியே, வில்மா காலையிலேயே கொண்டுவந்து போட்டிருந்த மடக்கு நாற்காலி ஒன்று இருந்தது. ராட்சதன் அவளை இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்தான்.