எனக்கு நாலரை மணி வேண்டாம்

மூன்று வாரமாக என் வலது கடைவாய்ப் பல் என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. கன்னம் வீங்கி, கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருந்தேன். டாக்டர் ஹால்ஸ்டெட்டிடம் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் நாலரை மணிக்குத்தான் நேரம் கொடுத்தார்கள், அன்றைய கடைசி ஆளாக. ஐந்து மணி ஆனதும், "இன்னைக்கு டைம் ஆயிடுச்சு, இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மிசிசிப்பியில் எங்கள் ஊரைச் சுற்றி நாற்பது மைலுக்கு என் காப்பீட்டை ஏற்றுக்கொள்கிற பல் டாக்டர் அவர் ஒருவர்தான். இல்லாவிட்டால் மூன்றாம் தடவை அந்தப் படியை மிதித்திருப்பேனா?

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பதினாலு வருஷமாகிறது. எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு, அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் என்பதுதான் என் பதில். தினம் ஒரு மாத்திரை, காலைக் காபியோடு. பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. பல் பிடுங்குகிறவர் எல்லாருக்கும் போடுகிற கையுறையைப் போட்டால் போதும், தனியாக எதுவும் வேண்டாம் என்று எனக்கு மருந்து எழுதும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

அந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒரு வெள்ளைக்காரர் உண்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கும் இதே நோய், இதே பல் டாக்டர். "எனக்கு எப்பவும் காலைல ஒன்பதரைக்குத்தானே குடுக்கறாங்க! நீங்க கேட்டுப் பாத்தீங்களா?" என்றார் அப்பாவியாக. கேட்டுப் பார்க்க வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் பல்வலியே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. பல் டாக்டரிடம் முதல் தடவை போனபோது, போதை ஊசி போடுவீங்களா, எத்தனை ஆம்பளைங்களோட பழக்கம் என்று என்னைக் குடைந்தெடுத்தார்கள். அவரிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் நின்று ஓய்வு பெற்ற அறுபத்திரண்டு வயசுக்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? கறுப்பி என்றால் கேட்கலாம் போலிருக்கிறது.

வலியோடு வருகிறவர்கள் செவ்வாய்க்கிழமை காலையில் முன்பதிவு இல்லாமல் வரலாம் என்று அவர்கள் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். செவ்வாய் எட்டரைக்கே போய் முதல் ஆளாகப் பெயரை எழுதினேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் உள்ளே போய்விட்டார்கள். ஐந்தாவதாக வந்தது யாரென்றா கேட்கிறீர்கள்? சிஸ்டர் எர்லீன் டால்பர்ட். எங்கள் தேவாலயச் சபையில் பொறுப்பிலிருக்கும் டீக்கனின் மனைவி. அவள் காதில் விழுந்த சேதி அன்று சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

எங்கள் சபையில் யாருக்கும் என் விஷயம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு இடம் பார்த்து உட்கார வைப்பவள் நான்தான். ஜெப நேரத்தில் என் கை மேலே போனால் மேயரே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டும். அந்தக் கையை நாளைக்கு யாராவது தொடத் தயங்கினால்? பதினாலு வருஷமாக அந்தப் பயம்தான் என் வாயைப் பூட்டி வைத்திருந்தது.

"எர்லீன் டால்பர்ட்!" என்று வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த ஷெல்பி கூப்பிட்டாள். இருபத்தைந்து வயசுப் பெண்.

நான் எழுந்து போனேன். "ஏம்மா, முதல்ல பேர் எழுதினது நானு."

"ஓவெட்டா, உங்களுக்கு நாலரைக்கு வெச்சிருக்கேன்."

"மிசஸ் கிரிம்ஸ்லின்னு கூப்பிடுங்க. உங்க பாட்டி வயசும்மா எனக்கு. எதுக்கு நாலரை?"

அவள் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கே தெரியும். உங்க ரகசியத்துக்காகத்தான் இப்படிப் பண்றோம். எல்லார் முன்னாடியும் பேச வேண்டாமே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் என் ரகசியத்தைக் காப்பாற்றவில்லை, அதை வைத்து என்னை மிரட்டுகிறார்கள். இவள் வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் அப்படிப் போனார்களோ!

பின்னால் சிஸ்டர் டால்பர்ட் கைப்பையை மூடும் சத்தம் கேட்டது. திரும்பி, அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. அதனாலதான் இவங்க என்னைக் கடைசில தள்ளறாங்க. இதே நோய் இருக்கற வெள்ளைக்காரரை இதே டாக்டர் காலைல பாக்கறாரு. போதுமாம்மா? இப்ப ரகசியம் ஒண்ணும் இல்ல. இப்ப சொல்லுங்க, எதுக்கு நாலரை?"

ஷெல்பியின் முகம் தக்காளியாகிவிட்டது. ஒரு தாய் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். "இங்க என்ன கலாட்டா?"

"கலாட்டா ஒண்ணுமில்ல டாக்டர். என்னை ஏன் கடைசில வெக்கறீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எடுத்துக்கிட்டு நேரா வக்கீல்கிட்ட போயிடறேன்."

அவர் என்னைப் பார்த்தார், ஷெல்பியைப் பார்த்தார், தாளை மட்டும் எடுக்கவில்லை. "அடுத்தது யாரு?" என்றார் சிஸ்டர் டால்பர்ட்டைப் பார்த்து.

அவள் அசையவில்லை. "அவதான் அடுத்தது. எனக்கு முன்னாடி எழுதியிருக்கால்ல?" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இருபது வருஷமா என்னை வாசல்ல நிக்க வெச்சவடி நீ. ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் ஜெபம் முடியற வரைக்கும் விட மாட்டே. உன்னை இவங்க நிக்க வெக்கறதா? உள்ள போ!"

பத்து மணிக்கு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி, விளக்கு, தட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைத்திருந்தாள் உதவிக்காரி. கையில் இரண்டு ஜோடிக் கையுறை.

"எனக்கு முன்னாடி உக்காந்தவருக்கும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

அவள் டாக்டரைப் பார்த்தாள். அவர், "அந்தத் தாளையெல்லாம் எடுத்துடு" என்றார். அவ்வளவுதான். பல் இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது. மூன்று வாரம் என்னை அழவைத்ததற்கு இருபது நிமிஷ வேலை!

வெளியே வந்தபோது வாய் நிறையப் பஞ்சு. சிஸ்டர் டால்பர்ட் எழுந்து என் கையைப் பிடித்தாள், கையுறை இல்லாத வெறும் கையை. "ஓவெட்டா, சத்தியமா யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றாள். பாவம், அந்தச் சத்தியம் அவளுக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்று எனக்குத் தெரியும்.

நான் பஞ்சை நாக்கால் ஒதுக்கிவிட்டுச் சொன்னேன்: "சொல்லு. ஆனா பாதியைச் சொல்லாதே, முழுசாச் சொல்லு. காலைல பத்து மணிக்கு, தன் முறைக்கு உள்ள போனாள்னு சொல்லு."

சொன்னாள். அவளை நம்பி ஒப்படைத்த வேலை ஒருநாளும் கெட்டதில்லை. புதன்கிழமை வேதப்படிப்புக்குப் போனபோது சபை முழுக்கத் தெரிந்திருந்தது. இரண்டு பேர் என்னைக் கண்டும் காணாமல் ஒதுங்கிப் போனார்கள். வலித்தது. மற்றவர்கள் எப்போதும் போலக் கட்டிப்பிடித்தார்கள். எல்லாருக்கும் நடுவில் தலையை நிமிர்த்தி நின்றேன். பதினாலு வருஷம் குனிந்திருந்தேன் என்பதே நிமிர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லாரும் போன பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். பிரதர் லெமுவேல், பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிறவர். அவர் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அன்றைக்கு அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சிஸ்டர்... எனக்கும் எப்பவும் நாலரை மணிதான்."

அவர் தோளில் கை வைத்தேன்.

"செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு ரெடியா இரு தம்பி. நல்ல சட்டை போட்டுக்கோ. நான் வண்டி எடுத்துக்கிட்டு வரேன்."