எமிரெக்ஸ் கேட்ட முகவரி

வைஃபை பாஸ்வேர்டைக் காப்பாற்றிய ஆள் தூத்துக்குடியில் இன்னும் பிறக்கவில்லை. பைபாஸ் ரோட்டு கண்டெய்னர் யார்டிலும் அதே கதைதான். ஊரான் வீட்டு நெய்யே என்று லாரி டிரைவர் முதல் லோடுமேன் வரை எல்லார் போனும் யார்டு வைஃபைக்குள் வந்துவிட்டதால், கேட்டில் இருக்கும் ஸ்கேனர்களுக்குக் கொடுக்க சர்வரிடம் ஒரு ஐபி முகவரிகூட மிச்சமில்லை. லாரிகள் ரோடு வரை நின்றன.

எமில்டா டவுனில் ஒரு சின்னக் கம்பெனியில் உட்கார்ந்தபடி இப்படிப் பல யார்டுகளின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவள். இந்த யார்டு நேற்றுத்தான் அவள் கைக்கு வந்திருந்தது. சூப்பர்வைசர் சிவப்பிரகாஷ் போனில் பிடித்து, நம்ம சாமானை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் பிளாக் பண்ணச் சொன்னான்.

எமில்டா யார்டு சர்வரின் லீஸ் பட்டியலைத் திறந்தாள். லீஸ் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லாட்ஜில் ரூம் கொடுக்கிற மாதிரிதான். உள்ளே வரும் போனுக்கு சர்வர் ஒரு முகவரியைக் கெடு வைத்துக் கொடுக்கும். யாருக்கு, எப்போதிலிருந்து, எதுவரை என்று பதிந்துகொள்ளும். போன் அங்கேயே இருந்தால் கெடுவை நீட்டிக்கொள்ளும். போய்விட்டால் முகவரி அடுத்த ஆளுக்கு.

பட்டியலில் போன்களின் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள். எமிரெக்ஸ்.

அவள் வைத்த பெயர் அது. கல்யாணமான புதிதில் புருஷன் ரெக்சன் வாங்கிய போனில் அவளே தட்டியது. ரெக்சனுக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. மும்பையில் கப்பல் ஏறியவன் ஆப்பிரிக்கா பக்கம் போய்க்கொண்டிருப்பதாக நேற்றுக்கூடச் சொன்னான்.

பழைய பதிவுகளைத் திறந்தாள். எமிரெக்ஸ் நேற்றும் இந்த யார்டில் முகவரி வாங்கியிருந்தது. போன வாரமும், போன மாதமும். ராத்திரியிலும் கெடு நீண்டிருந்தது. அப்படியென்றால் படுக்கையும் அங்கேதான். பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இவன் ஒரு கப்பலையே மறைத்திருக்கிறான்.

அந்நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். கப்பல் வைஃபையில் மத்தியானம்தான் லைன் கிடைக்கும் என்று சொல்லிவைத்திருந்தான்.

"கடல் ரொம்ப மோசமா இருக்குளா. நிக்க முடியல, ஒரே ஆட்டம்."

எமில்டாவுக்கு அழுகை வரவில்லை. கோபமாவது வருமா என்று பார்த்தாள், அதுவும் இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினதுபோல் இருந்தது. இவன் ஏறாத கப்பலுக்காக ஞாயிறுதோறும் மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறோம் என்று மட்டும் நினைத்தாள்.

சாப்பிட்டியளா என்று கேட்டாள். மெஸ்ஸில் கோழிக்கறி என்றான்.

"பைபாஸ் யார்டுல ஏது கோழிக்கறி?"

மறுமுனையில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மும்பை போய்ப் பார்த்தால், வேலைக்குப் பணம் வாங்கிய ஏஜெண்ட் சொன்ன பெயரில் கப்பலே இல்லையாம். தெருவே திரண்டு வழியனுப்பிய ஆள் வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்று, ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வராமல் லோடுமேனாகச் சேர்ந்துவிட்டானாம்.

"ஒம் மூஞ்சில எப்படிளா முழிப்பேன்?"

அடுத்த லைனில் சிவப்பிரகாஷ் அடித்துக்கொண்டிருந்தான். எமில்டா போன்களை எல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள், எமிரெக்ஸையும் சேர்த்து.

"இங்கன உள்ள போனையெல்லாம் கட் பண்ணப் போறேன், ஒங்களதும்தான். கப்பல்ல இருந்து இனிமே பேச வேண்டாம்."

"அப்ப வீட்டுக்கு வரட்டுமா?"

சொந்த வீட்டுக்கு வர அவன் உத்தரவு கேட்டான். அதுவரை மரத்துக் கிடந்த நெஞ்சு அங்கேதான் வலித்தது.

"வாங்க," என்றாள். பிறகு பிளாக்கை அழுத்தினாள்.