ஆறு கடைகள் கொண்ட எழுச்சி அடக்கி

1

இந்தக் கதை ஒரு ப்ளக் பெட்டி வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பி வந்த வேகத்தில் என் கணினியின் உயிர் போய்விட்டது. அடுத்ததையாவது காப்பாற்றலாமென்று இணையக் கடையில் சர்ஜ் ப்ரொடெக்டர் தேடினேன். (மின்சாரம் திடீரென்று துள்ளிக்கொண்டு வரும்போது அந்தத் துள்ளலைத் தான் வாங்கிக்கொண்டு, சொருகியிருக்கும் சாதனத்தைக் காப்பாற்றுகிற நீளமான ப்ளக் பெட்டி. அவ்வளவுதான்.) கடை என்னிடம் தமிழில் பேசியது:

"எழுச்சி அடக்கி. ஆறு கடைகள் கொண்டது. பதில் சொல்லும் நேரம் மிகக் குறைவு. மைதானம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும்."

போலீஸ்காரர்களுக்கான சாமானோ என்று முதலில் நினைத்தேன். ப்ளக் சொருகும் அவுட்லெட் கடையானதும், எர்த் என்று நாம் சொல்லும் கிரவுண்ட் மைதானமானதும் பிறகுதான் விளங்கியது. தலைப்பில் 2100 ஜூல் என்றிருந்தது, படத்தில் 1200. ஜூல் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்று எங்கேயும் இல்லை. சிரித்து ஓய்ந்தபோது, இதை எழுதியவர் யாராக இருக்கும் என்று தோன்றியது. ஏதோ ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து இதைப் படித்துப் பார்த்து, சரியென்று அனுப்பியிருக்க வேண்டுமே.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அவள் ஜன்னலருகே அமர்ந்து

இல்லை. அவள் அறையில் ஜன்னலை அலமாரி மறைத்துக்கொண்டிருக்கிறது.

அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள், நமக்கும் அதுவே போதும். இணையக் கடையின் பக்கங்களை ஓர் இயந்திரம் தமிழாக்கித் தரும். சின்னவள் அதைச் சரிபார்த்து 'சரி' என்ற பொத்தானை அழுத்துவாள். அழுத்திய கையோடு அடுத்த பக்கம் வந்து நிற்கும். காலையில் செருப்பு, மதியம் குக்கர் மூடி, சாயங்காலம் நாய்க்குட்டிக்குச் சட்டை.

முதல் படியில் அவளை விவரம் தெரியாதவளாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் நம்ப முடியவில்லை. விவரம் தெரியாதவள் மருந்துச்சீட்டில் ஒற்றுப்பிழை தேடமாட்டாள். இவள் தேடுவாள். 'எழுச்சி பாதுகாப்பு' என்று இயந்திரம் எழுதியிருந்ததைப் பார்த்ததும் நடுவில் ஒரு 'ப்' போட்டுத் திருத்தியவள் இவள்தான். கண் அந்தப் புள்ளியில் இருந்தது. அர்த்தம் பக்கவாட்டில் நழுவிப் போனது. களைத்துப்போன கண்ணுக்கு இப்படி ஆகும் என்பது பிழைதிருத்திய எவருக்கும் தெரியும்.

3

அக்காதான் போன் செய்தாள்.

"ஏய், உன் கடையில ஒண்ணு வாங்கினேன்."

"என் கடையா? நான் என்ன கல்லாவுலயா உக்காந்திருக்கேன்?"

"நீதானே எழுதுற! அத்தானோட மெஷினுக்கு சர்ஜ் ப்ரொடெக்டர். போன வாரம் கரண்டு வந்த வேகத்துல மாடி வீட்டு டிவி புகைஞ்சு போச்சு. அன்னைக்கே தேட ஆரம்பிச்சுட்டேன்."

அத்தானின் நுரையீரல் தளர்ந்து நாளாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்கு வரும். அக்காவின் வீட்டில் எல்லாரும் அந்த உறுமலுக்கு மேலேதான் பேசுவார்கள்.

"எத வாங்கறதுன்னே புரியல," என்றாள் அக்கா. "ஜூலுங்கறான், கிலோ ஆம்பியருங்கறான், கவ்வும் வோல்ட்டுங்கறான். பாம்பு வளக்கறானா என்னன்னு இருந்துச்சு. கடைசியா ஒண்ணுல மட்டும் தெளிவாப் போட்டிருந்துச்சு. 'உயிர்காக்கும் மருத்துவக் கருவிகளுக்கானது.' நல்ல தமிழ். இது நம்ம ஆளு எழுதினதாத்தான் இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டேன். இன்னைக்கு வந்துச்சு, மாட்டியாச்சு."

சின்னவளுக்குப் பெருமையாக இருந்தது. போனை வைத்துவிட்டு, அந்த வரியைப் பார்க்கும் ஆசையில் பக்கத்தைத் திறந்தாள். அவள் சரிபார்த்த பக்கம்தான். பக்கத்திலேயே ஆங்கில மூலமும் இருந்தது.

4

மூலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால்: உயிர்காக்கும் மருத்துவக் கருவிகளுக்கானதல்ல.

அதற்கு இரண்டு வரி கீழே, "வேலை முடிந்ததும் தானாக ஓய்வெடுக்கும்" என்று தமிழ்ப் பக்கம் சொன்னது. மூலம் சொன்னது வேறு. ஒவ்வொரு துள்ளலையும் வாங்க வாங்கப் பெட்டியின் காக்கும் திறன் குறையும். தீர்ந்துபோனால் பெட்டி மின்சாரத்தையே நிறுத்திவிடும். டிவிக்கு அது பாதுகாப்பு. அத்தானுக்கு அப்படியில்லை.

உடனே உயிர் போகிற விஷயமும் இல்லை. மின்சாரம் நின்றால் இயந்திரம் அலறும், அக்கா ஓடி வந்து, அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறப்பாள். அக்கா கடைக்குப் போயிருந்தால்?

[இந்த இடத்தில், அடி வாங்கி வாங்கித் தீர்ந்துபோகும் பெட்டியையும் அக்காவையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழகாகத்தான் வந்தது. அடித்துவிட்டேன். அக்கா பெட்டியல்ல. அவளுக்குக் கோபம் வரும்.]

சின்னவள் அக்காவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

5

பஸ்ஸில் அவளும் என்னைப் போலவே வாக்கியங்களை எழுதிப் பார்த்தாள். "அந்தக் கம்பெனி சரியில்ல அக்கா." "பக்கத்துல ஏதோ தப்பாப் போட்டுட்டாங்க." இரண்டாவது அவளுக்குப் பிடித்திருந்தது. நம் பேச்சில் இது ஒரு பெரிய வசதி. 'போட்டுட்டாங்க' என்று சொன்னால், யார் என்று யாரும் கேட்பதில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே அக்கா கதவைத் திறந்தாள். குளிக்கப் போயிருந்திருக்கிறாள்.

"என்னடி, இப்பத்தானே பேசின?"

கட்டிலுக்கு அடியில் பெட்டி பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அத்தான் தலையணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அத எடுத்துடு அக்கா. மெஷின நேரா செவுத்துல சொருகு."

"ஏன்?"

"அதுல எழுதியிருக்கறது தப்பு. இந்த மாதிரி மெஷினுக்குப் போடக் கூடாதுன்னு எழுதியிருக்கணும்." ஒரு கணம் நின்றாள். "நான்தான் சரியாப் பாக்காம அனுப்பிட்டேன்."

அக்கா சிலிண்டரைத் திறந்தாள். குழாயை அதில் மாற்றி, அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். இயந்திரத்தின் ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கிச் சுவரில் சொருகினாள். உறுமல் திரும்பியதும் குழாயைப் பழைய இடத்தில் பொருத்தினாள். இயந்திரம் தந்த கம்பெனிக்குப் போன் செய்து கேட்டாள். சுவரில்தான் போட வேண்டும், அதற்கென்று உள்ள ஸ்டெபிலைசரை நாங்களே அனுப்புகிறோம் என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் தங்கையைப் பார்த்தாள்.

"மத்த ஒரு எழவும் எனக்குப் புரியல. அந்த ஒரு வரிய நம்பித்தான் வாங்கினேன். நீ எழுதினதுன்னு நம்பினேன்."

"எத்தன எழுத்து... விட்டுப் போச்சு?" என்று அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"'அல்ல' அத்தான்."

"மூணு எழுத்து. பரவால்ல... நான் பெரிய வாக்கியத்துலதான்... போவேன்னு நெனச்சிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"நீ இப்பப் போ. நாளைக்குப் பேசறேன்," என்றாள் அக்கா. வாசல்வரை வந்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத வேற யாரெல்லாம் வாங்கியிருக்காங்க?"

6

சின்னவள் போன் செய்த மேற்பார்வையாளரை நான் வில்லனாக எழுத நினைத்திருந்தேன். பாதி வரைக்கும் ஒத்துழைத்தார்.

"அந்தப் பக்கம் முடிஞ்சிடுச்சு மேடம். திரும்பத் திறக்கணும்னா விக்கறவர் கேக்கணும்."

"அவருக்குத் தமிழ் தெரியுமா சார்?"

"தெரியாது."

"தெரியாதவர் எப்படி சார் கேப்பார்?"

போனுக்கு அந்தப் பக்கம் அவர் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"எந்த வரி?"

படித்துக் காட்டினாள். அந்த வீட்டுக் கட்டிலையும் பச்சை விளக்கையும் சொன்னாள். தன் அக்கா வீடென்று சொல்லவில்லை. அவராகவே புரிந்துகொண்டார்.

"அந்த வரியும் கீழே இருக்கற ஓய்வெடுக்கற வரியும் மட்டும் திறந்து விடறேன். மத்தத மாத்த எனக்கு அனுமதியில்ல. கடையும் மைதானமும் அப்படியே இருக்கட்டும். அதால யாரும் சாகமாட்டாங்க."

சின்னவள் மூன்று எழுத்தைச் சேர்த்தாள். மூலத்தோடு இன்னொரு முறை ஒத்துப் பார்த்தாள். பொத்தானை அழுத்த அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

7

அதற்குப் பிறகுதான், வாங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகளைப் படித்தாள். டிவிக்கு வாங்கியவர்கள், கணினிக்கு வாங்கியவர்கள், பெட்டியின் நிறம் பிடிக்காதவர்கள். அவர்களுக்கு நடுவில், பெயர் போடாத ஒருவர்: "அப்பாவோட மூச்சு மெஷினுக்கு வாங்கினேன். நல்லா வேலை செய்யுது. விவரம் தெளிவா இருந்துச்சு. நன்றி."

கீழே பதில் எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது.

மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு

அழித்தாள்.

வணக்கம். இந்தப் பக்கத்தில் ஒரு சிறு பிழை

'சிறு'வை அழித்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்தாள். கடைசியில் அனுப்பியது இது: "இந்தப் பெட்டி உங்கள் அப்பாவின் மெஷினுக்கானதல்ல. இது திடீரென்று மின்சாரத்தை நிறுத்திவிடலாம். தப்பான விவரத்தைச் சரியென்று அனுப்பியது நான்தான். மெஷினைச் சுவரிலேயே சொருகுங்கள். மெஷின் தந்தவர்களை இன்றே கேளுங்கள்."

எழுதியதை அக்காவுக்கும் அனுப்பி வைத்தாள். மறுநாள் அக்கா சொன்னபடி பேசினாள். நலம் விசாரிக்கவில்லை.

"அந்த ஆளு பதில் போட்டாரா?"

"இல்ல அக்கா."

"மறுபடி பாரு."

இதற்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் நன்றி சொல்லிப் பதில் வருகிறது. ஒன்றில், விதிமீறல் என்று கடை அவள் பதிலை நீக்கிவிடுகிறது. மூன்றாவதைச் சொல்ல மாட்டேன். மூன்றையும் கிழித்துவிட்டு, அந்த அப்பாவின் அறையையே நேராக எழுதிவிடலாமென்று உட்கார்ந்தேன். கதவு வந்தது. கட்டில் வந்தது. போர்வைக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது. இயந்திரம் ஓடுகிற சத்தமும் கேட்டது. ஒயர் கட்டிலுக்கு அடியில் போகிறது. அது எதில் சொருகியிருக்கிறது என்று பார்க்க எனக்குக் குனிய முடியவில்லை.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள்.