வெடிபட்ட இரும்புக்கு எக்ஸ்றே

ஒன்பது வருடமாகத் தற்காலிகத் தொழிலாளியாகவே இருந்த முத்தலிப்புக்கு, துறைமுகப் பட்டறையில் நிரந்தரமாவதற்கு ஒரு வழி பிறந்தது 1972இல். கப்பல் வழியை மறித்துக் கிடந்த பழைய கப்பலொன்றை வெடிவைத்து உடைத்திருந்தார்கள். அந்த அதிர்ச்சியில் அதன் தகடு எவ்வளவு உறுதியாகிவிட்டது என்று எக்ஸ்றே பிடித்து அளக்க, பல்கலைக்கழக விரிவுரையாளர் யோகலிங்கம் ஒரு துண்டு கேட்டு எழுதியிருந்தார்.

"உள்ளங்கை அளவு போதும். சூடு காட்டாமல் அறுத்துத் தாரும். அந்த மனிசன் திருப்திப்பட்டால் உம்மட பேரை மேலிடத்துக்கு எழுதுறன்," என்றார் போர்மன் தங்கரத்தினம்.

முத்தலிப் அறுத்தான். பதினொரு வாள் பிளேட்டுகள் முறிந்தன. தகட்டில் விழுந்தது ஒரு நகக்கீறல். சூடு காட்டாதே என்றதன் அர்த்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஸ்டோரில் கரித் தட்டுப்பாடு. சிக்கனம் பிடிக்கச் சொல்லி அந்த மாதத்திலேயே மூன்று சுற்றறிக்கை வந்திருந்தது. ஆகவே அரசாங்கக் கரியில் கை வைக்காமல், மறுநாள் கிண்ணியாவிலிருந்து வரும்போது ஒரு சாக்குச் சிரட்டைக்கரியைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுவந்தான். பழுக்கக் காய்ச்சியதும் தகடு வட்டிலப்பம்போல வெட்டுப்பட்டது. எக்ஸ்றேக்குப் போகிற பிள்ளையைக் குளிப்பாட்டாமல் யாராவது அனுப்புவார்களா? அரம்போட்டு, முகம் தெரிய மினுக்கிக் கொடுத்தான்.

இரண்டு மாதம் கழித்து யோகலிங்கம் படச்சுருளோடு நேரிலேயே வந்தார்.

"வெடிபட்ட இரும்பெண்டால் படத்தில இந்தக் கோடுகள் ஈரக் கடதாசியில மை ஊறினமாதிரிப் பரந்திருக்கவேணும். இது மயிரிழைமாதிரி இருக்கு. அவ்வளவு வெடி வைச்சும் இரும்பு அசையேல்லை, கொஞ்சமும் இறுகேல்லை. புதுமையான முடிவு. வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு எழுதப்போறன். முத்தலிப், உங்களுக்கு நன்றி சொல்லிப் பேரும் போடுவன்."

போர்மன் சிபாரிசு எழுதப் பேனையைத் திறந்துவிட்டார். முத்தலிப் பேனை முனையைப் பார்த்தான். வாயைத் திறக்காவிட்டால் வேலை நிரந்தரம். ஆனால் இறுகாத இரும்பா பதினொரு பிளேட்டைத் தின்றது?

"சேர், அதை எழுதவேணாம். நான் சூடாக்கித்தான் வெட்டினனான்."

"நான் வேண்டாமெண்டு சொன்னனானெல்லோ?" என்றார் போர்மன்.

"உங்கட கரி இல்லை ஐயா. என்ட கரி."

யோகலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "ஆற்ற கரியெண்டாலும், காய்ச்சினால் வெடியில வந்த இறுக்கம் கழண்டுபோகும்," என்றார். பிறகு கொப்பியை எடுத்தார். "எந்த நிறம் வரைக்கும் காய்ச்சினீங்கள்?"

"கொய்யாப்பழத்து உள்பக்கச் சிவப்பு, சேர்."

அதையும் எழுதிக்கொண்டார். "இன்னொரு துண்டு வேணும். தண்ணி ஊத்தி ஊத்தி, குளிராவே அறுங்கோ. எவ்வளவு காலமானாலும் காத்திருப்பன்."

போர்மன் தகட்டின் தடிப்பைப் பார்த்தார், நகக்கீறலைப் பார்த்தார், பேனையை மூடினார்.

"முத்தலிப், இதை அறுத்து முடிக்குமட்டும் உம்மை வேலையால நிப்பாட்ட ஒருத்தராலும் ஏலாது."

முத்தலிப் வாளைக் கையில் எடுத்தான்.

"அதை எழுத்தில தருவீங்களா ஐயா?"